ஜிப், 7இசட், ரார், இசட்-ஸ்டாண்டர்ட்: எந்த ஃபைலை எதில் சுருக்குவது?

போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒரு கல்யாணத்துப் படங்கள் முழுவதையும் சுருக்க உட்கார்ந்தார். நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு எல்லாம் சேர்த்து நாற்பது ஜிபிக்கு மேல். மென்பொருளில் இருந்ததிலேயே பெரிய அளவான 'அல்ட்ரா'வைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் எனக்கு போன். "அண்ணே, ராத்திரி பூரா ஓடுச்சு, ஒரு ஜிபிகூடக் குறையலியே. சிஸ்டத்துல ஏதாவது கோளாறா?"

கோளாறு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே பிழிந்த துணியை மறுபடி பிழிந்திருக்கிறார். எந்த ஃபார்மட் நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அளவை மட்டும்தான் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். உள்ளே என்ன இருக்கிறது, யார் திறக்கப் போகிறார், எத்தனை தடவை திறப்பார் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் ஃபார்மட் தானாகவே முடிவாகிவிடும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. பூட்டுப் போடும் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். அதிகம் பேர் தவறு செய்வது அங்கேதான்.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது?

ஜேபெக் படம், எம்பி3 பாட்டு, எம்பி4 வீடியோ இவை எல்லாம் உருவாகும்போதே சுருக்கப்பட்டவை. இவற்றை எதில் போட்டாலும் ஒன்றிரண்டு சதவீதம் குறைந்தால் அதிகம். ஆபீஸ் ஃபைல்களிலும் இதே கதைதான். ஒரு டாக்எக்ஸ் அல்லது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குறிகளுக்கு முன்னால் முதல் இரண்டு எழுத்து பி, கே என்று இருக்கும். ஜிப் ஃபார்மட்டை 1989-இல் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் பெயர் முதலெழுத்துகள் அவை. அதாவது வேர்டு ஃபைல் என்று நாம் சொல்வதே ஒரு ஜிப்தான். ஆண்ட்ராய்டு ஆப் வரும் ஏபிகே, மின்னூல் வரும் ஈபப் எல்லாமும் அப்படியே.

நன்றாகச் சுருங்குபவை வேறு. சாதாரண எழுத்து ஃபைல், சிஎஸ்வி, லாக், டேட்டாபேஸ் டம்ப், நிரல் மூலம், பிட்மேப் படம். இந்தப் பட்டியலில் தமிழ் எழுத்துக்குத் தனி இடம் உண்டு. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லைப் பிரித்தால் ப, ள, புள்ளி, ள, இகரக் கொக்கி என்று புள்ளியும் கொக்கியும் தனித்தனியாக எண்ணப்பட்டு 12 குறி வரும். ஆக 36 பைட். அந்த மூன்று பைட்டில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றே. இரண்டாவதாக வரக்கூடியவையும் இரண்டே இரண்டுதான். மூன்றாவதில்தான் உண்மையான தகவல் இருக்கிறது. சுருக்கும் மென்பொருளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதனால் ஒரே விஷயத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினால் தமிழ் ஃபைல் பெரிதாக இருக்கும். ஆனால் சுருக்கியதும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

இப்போது ஜிப் உள்ளே என்ன செய்கிறது என்று பாருங்கள். அதன் வழக்கமான முறைக்கு டிஃப்லேட் என்று பெயர். 1977-இல் ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் ஸீவ் இருவரும் வெளியிட்ட யோசனையும் 1952-இல் டேவிட் ஹஃப்மன் வகுத்த குறியீடும் சேர்ந்தது அது. முன்பு வந்த தொடர் மறுபடி வந்தால், 'இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட்டை எடுத்துக்கொள்' என்று ஒரு சிறு குறிப்பை மட்டும் எழுதும். இரண்டாவது 'பள்ளிக்கூடம்' 36 பைட்டாக இல்லாமல் ஒரு சில பைட்டில் முடிந்துவிடும்.

ஆனால் டிஃப்லேட் பின்னால் பார்க்கும் தூரம் 32 கேபிதான். தமிழில் அது ஏறத்தாழ ஆயிரத்துச் சொச்சம் சொல். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையின் கடைசிக்கு வரும்போது அதன் தொடக்கம் ஜிப்புக்கு மறந்து போயிருக்கும்! 7இசட்டும், லினக்ஸில் புழங்கும் எக்ஸ்இசட் ஃபார்மட்டும் பயன்படுத்தும் எல்இசட்எம்ஏ என்ற முறைகளின் குடும்பம் அப்படியில்லை. அதன் ஞாபகம் பத்துக்கணக்கான எம்பி, விரும்பினால் ஜிபி வரைக்கும்கூடப் போகும். 7இசட் ஏன் சிறிதாக வருகிறது என்பதற்குப் பாதி விடை இதுதான்.

சரி, கல்யாணப் படங்களை என்ன செய்வது? சுருக்காமல் கட்ட வேண்டும். 7இசட்டும் ஜிப்பும் கட்டும் 7-ஜிப் மென்பொருளில் சுருக்கும் அளவு ('கம்ப்ரெஷன் லெவல்') என்ற இடத்தில் 'ஸ்டோர்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஃபைல்கள் அப்படியே ஒரே பொட்டலமாகிவிடும். ராத்திரி முழுக்க ஓட வேண்டாம். ஹார்டு டிஸ்க் படித்து எழுதும் நேரம்தான் ஆகும்.

படி 2: யார் திறக்கப் போகிறார்?

வாங்குபவர் யாரென்று தெரியாவிட்டால் ஜிப் போதும், அதற்கு மேல் யோசிக்காதீர்கள். விண்டோஸ், மேக், போன் எதிலும் தனி மென்பொருள் இல்லாமல் திறக்கும். விண்டோஸ் 11-இல் 2023 இறுதியில் வந்த அப்டேட்டிலிருந்து ரார், 7இசட், டார் ஆகியவையும் நேரடியாகத் திறக்கின்றன. ஆனால் அது வந்தபோது, பாஸ்வேர்டு போட்ட பொட்டலங்களைத் திறக்கும் வசதி அதில் இல்லை. வயதான கணக்கருக்கோ பள்ளி அலுவலகத்துக்கோ 7இசட் அனுப்பிவிட்டு, "இது ஓபன் ஆகல சார்" என்ற போனுக்காகக் காத்திருப்பதைவிட நாலு எம்பி கூடுதலாகப் போவது மேல்.

ரார் விஷயத்தில் என் கருத்து சற்றுக் கடுமையானது. 1993-இல் யூஜின் ரோஷல் உருவாக்கிய ஃபார்மட் அது. பிரிக்கும் நிரல் எல்லாருக்கும் கிடைக்கும், உருவாக்கும் உரிமை மட்டும் வின்ரார் கையில். நாற்பது நாள் சோதனைக் காலம் முடிந்தும் பல வருஷமாக 'வாங்குங்கள்' என்ற பெட்டியை மூடிக்கொண்டே ஓட்டும் கம்ப்யூட்டர்களை நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் எத்தனையோ பார்த்திருப்பீர்கள். ஒரு நல்ல குணம் உண்டு. மீட்புப் பதிவு என்று கொஞ்சம் கூடுதல் தகவலை உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஃபைலின் ஒரு பகுதி கெட்டால் அதைக்கொண்டு சரிசெய்யலாம். ஜிப்பிலும் 7இசட்டிலும் அது இல்லை. பழைய டிஸ்க்கில் பல வருஷம் கிடக்கப் போகும் பேக்கப்புக்கு மட்டும் ராரை யோசிக்கலாம். மற்றதற்கு எதற்கு?

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிப் பிறந்த காலத்தில் பெயர்களுக்கு ஐபிஎம் பிசியின் பழைய எழுத்து அட்டவணைதான் இருந்தது. யூனிகோடு பெயர் என்பதைச் சொல்லும் அடையாளம் பிற்பாடு சேர்க்கப்பட்டது. அந்த அடையாளத்தை வைக்காத மென்பொருளில் கட்டினாலோ அதை மதிக்காத மென்பொருளில் பிரித்தாலோ, 'வரவு செலவு' என்ற பெயர் கிரேக்க ஆல்ஃபாவும் இரட்டைக் கோண அடைப்புக் குறியும் மாறி மாறி வரும் கோலமாகிவிடும். ஏன் ஆல்ஃபா? முன்பு சொன்னேனே, எல்லாத் தமிழ்க் குறிக்கும் முதல் பைட் ஒன்றே என்று. பழைய அட்டவணையில் அந்த பைட்டின் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் ஆல்ஃபா. அடுத்த பைட் இரண்டு வகை, அவைதான் இடப்பக்க, வலப்பக்க அடைப்புகள். இந்தக் கோலத்தைக் கண்டால் பதற வேண்டாம். உள்ளடக்கம் கெடவில்லை, பெயர் மட்டும்தான் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. புதிய 7-ஜிப்பில் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். 7இசட் ஃபார்மட் தொடக்கத்திலிருந்தே யூனிகோடு பெயர்களோடு வந்ததால் இந்தத் தொல்லை அதில் இல்லை.

லினக்ஸ் பக்கம் போனால் டார் வரும். டார் எதையும் சுருக்காது. ஃபைல்களை வரிசையாக ஒட்டி, யாருடையது, என்ன அனுமதி என்ற விவரங்களையும் சேர்த்து ஒரே நீள ஃபைல் ஆக்கும், அவ்வளவுதான். சுருக்கும் வேலை ஜிஜிப், எக்ஸ்இசட், இசட்-ஸ்டாண்டர்ட் போன்ற இன்னொருவருடையது. லினக்ஸ் சர்வரின் பேக்கப்பை ஜிப்பில் எடுத்தால் அனுமதி, உரிமையாளர் விவரங்கள் முழுதாகத் திரும்பி வரும் என்று நம்ப முடியாது. அங்கே டார்தான்.

படி 3: வேகமா, அளவா?

ஃபார்மட்களை ஒப்பிட எல்லாரும் எடுத்துக்கொள்ளும் ஒரு சோதனைத் தொகுப்பு இருக்கிறது. போலந்தின் சைலீசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. கதை நூல், நிரல் ஃபைல், மருத்துவப் படம், டேட்டாபேஸ் எல்லாம் கலந்து 212 எம்பி அளவு. அதை ஒரு இன்டெல் ஐ7 கணினியில் ஓட்டி இசட்-ஸ்டாண்டர்ட் குழு வெளியிட்ட கணக்கை வட்டமான எண்களில் தருகிறேன்.

எல்இசட்4 என்ற சுருக்கும் முறை இந்தத் தொகுப்பை 2.1 மடங்கு சுருக்குகிறது. சுருக்கும் வேகம் விநாடிக்கு 700 எம்பி அளவில், பிரிக்கும் வேகம் 4,000 எம்பி அளவில். ஜிப்பிலும் ஜிஜிப்பிலும் இருக்கும் அதே டிஃப்லேட் முறையில் ஓடும் இசட்லிப் என்ற நிரல், அதன் மிக வேகமான நிலையில் 2.74 மடங்கு சுருக்குகிறது. ஆனால் வேகம் நூறு எம்பிக்கும் சற்றுக் கீழே, பிரிப்பது 400 அளவில். இசட்-ஸ்டாண்டர்ட் முதல் நிலையில் 2.89 மடங்கு, வேகம் 500 அளவில், பிரிப்பது 1,500-க்கு மேல். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதால் நான் இதை அப்படியே நம்பவில்லை. ஆனால் வெளியாட்கள் ஓட்டிய சோதனைகளிலும் வரிசை மாறவில்லை. ஜிஜிப்பைவிட இசட்-ஸ்டாண்டர்டில் அளவும் குறைவு, வேகமும் பல மடங்கு.

எக்ஸ்இசட்டும் 7இசட்டும் எதிர்ப்பக்கம் நிற்கின்றன. இதே தொகுப்பை நாலில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிடும். ஆனால் ஒரே இழையில், அதாவது பிராசசரின் ஒரு கோரில் மட்டும் ஓடினால் சுருக்கும் வேகம் விநாடிக்குச் சில எம்பிதான். பிரிப்பது அவ்வளவு மோசமில்லை, நூறு எம்பியை ஒட்டி வரும்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? சுருக்குபவர் ஒருவர், பிரிப்பவர் ஆயிரம் பேர் என்றால் சுருக்கும் நேரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். பிரிக்கும் வேகமும் அளவும்தான் முக்கியம். தினமும் இரவு சுருக்கி, திறக்காமலே போகக்கூடிய பேக்கப் என்றால் நேர் எதிர். ஒருவர் சுருக்கி ஆயிரம் பேர் பிரிக்கும் முதல் வகைக்கு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஆர்ச் லினக்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவர்கள் தங்கள் மென்பொருள் பொதிகளை எக்ஸ்இசட்டிலிருந்து இசட்-ஸ்டாண்டர்டுக்கு மாற்றுவதாக 2019 டிசம்பர் இறுதியில் அறிவித்தார்கள். எல்லாப் பொதிகளும் சேர்ந்து 0.8 சதவீதம் பெரிதாயின. பிரிக்கும் வேகமோ 1,300 சதவீதம் கூடியது. நூறு ரூபாய்க்கு எண்பது பைசா கூடுதலாகக் கொடுத்து பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறவில்லை, விமானத்துக்கே மாறியதுபோல! அவர்கள் சுருக்குவதற்கு மிக உயர்ந்த நிலையைப் பயன்படுத்தியதால் அளவு இவ்வளவு நெருங்கி வந்தது. இசட்-ஸ்டாண்டர்டின் அழகு அதில் இருக்கிறது. எவ்வளவு மெதுவாகச் சுருக்கினாலும் பிரிக்கும் வேகம் பெரிதாகக் குறையாது.

பிஜிப்2 என்று ஒன்று இன்னும் சில இடங்களில் தென்படும். 1996-இல் வந்தது, அன்றைக்கு நல்லது. இன்றைக்கு அளவில் எக்ஸ்இசட்டிடமும் வேகத்தில் இசட்-ஸ்டாண்டர்டிடமும் தோற்கிறது. வந்ததைப் பிரியுங்கள், புதிதாக அதில் கட்டாதீர்கள். பிரோட்லி என்ற இன்னொரு முறை வலைப்பக்கங்களுக்கானது, நம் ஃபோல்டர்களுக்கு அதில் வேலை இல்லை.

படி 4: 7-ஜிப் பெட்டியை நிரப்புவது

ஃபோல்டரின் மேல் வலது கிளிக், 7-ஜிப், 'ஆட் டு ஆர்க்கைவ்'. வரும் பெட்டியைப் பார்த்ததும் பலருக்கு மலைப்பாக இருக்கும். தொட வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான்.

ஃபார்மட் என்ற இடத்தில் வெளியே அனுப்ப ஜிப், நமக்கே வைத்துக்கொள்ள 7இசட். சுருக்கும் அளவு என்ற இடத்தில் 'நார்மல்' விட்டு நகர வேண்டாம். அல்ட்ராவுக்குப் போனால் நேரம் கூடும் அளவுக்கு ஃபைல் குறையாது. முறை என்ற இடத்தில் எல்இசட்எம்ஏ2 இருக்கட்டும். பிராசசரின் எல்லாக் கோர்களையும் அது வேலை வாங்கும்.

'டிக்ஷனரி சைஸ்' என்பதுதான் நான் மேலே சொன்ன ஞாபகத் தூரம். இதைக் கூட்டினால் ராம் தின்னும். எக்ஸ்இசட்டின் கையேட்டுக் கணக்கு ஒரு அளவுகோல். 64 எம்பி அகராதிக்குச் சுருக்குபவருக்கு 674 எம்பி ராம் வேண்டும், பிரிப்பவருக்கு 65 எம்பி. இழைகள் கூடினால் சுருக்குபவரின் செலவு இன்னும் ஏறும். பிரிப்பவரிடம் பழைய 2 ஜிபி கம்ப்யூட்டர் இருக்கிறதென்றால் ஜிபிக்கணக்கில் அகராதி வைத்துக் கட்டி அனுப்புவது அவருக்குச் செய்யும் துரோகம். பெட்டியிலேயே கீழே இரண்டு பக்கத்துக்கும் தேவையான ராம் காட்டப்படும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைலின் மொத்த அளவைவிடப் பெரிய அகராதி வைத்தால் பயன் எதுவும் இல்லை.

அடுத்து 'சாலிட் பிளாக்'. ஜிப் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகச் சுருக்கும். 7இசட் பல ஃபைல்களை ஒரே கயிறாகக் கோத்துச் சுருக்கும். ஒரே மாதிரியான ஆயிரம் சிறு ஃபைல்கள் இருந்தால் லாபம் அள்ளும். விலை என்னவென்றால், நடுவில் இருக்கும் ஒரு ஃபைலை எடுக்க அந்தத் தொகுதியின் தொடக்கத்திலிருந்து பிரித்துக்கொண்டு வர வேண்டும். ஓரிடத்தில் கெட்டால் அதற்குப் பின்னால் தொகுதியில் இருப்பவை எல்லாம் போகும். அடிக்கடி ஒன்றிரண்டு ஃபைலை உருவ வேண்டிய பொட்டலம் என்றால் 'நான்-சாலிட்' வைத்துவிடுங்கள். டார் செய்து சுருக்கியதற்கும் இதே குணம்தான்.

பென் டிரைவ் எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது. 'ஸ்பிளிட் டு வால்யூம்ஸ்' என்ற இடத்தில் அளவைக் கொடுத்தால் துண்டு துண்டாக வரும். எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் மற்றவையும் பெரும்பாலும் வீண்.

படி 5: பூட்டுவது

பான் கார்டு, வங்கி அறிக்கை, மருத்துவ ரிப்போர்ட் போன்றவற்றை ஜிப்பில் போட்டு பாஸ்வேர்டு வைத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஜிப்பில் இரண்டு வகைப் பூட்டு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பழையது ஜிப்கிரிப்டோ. புதியது ஏஇஎஸ்-256. 7-ஜிப்பில் ஜிப்பைத் தேர்ந்தெடுத்தால் தானாக முன்னால் வந்து நிற்பது பழையதுதான்!

ஜிப்கிரிப்டோவை எப்படி உடைப்பது என்று எலி பிஹாம், பால் கோச்சர் இருவரும் 1994-லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். பாஸ்வேர்டை ஊகிக்கவே வேண்டாம் என்பதுதான் அதன் பயங்கரம். உள்ளே இருக்கும் ஒரு ஃபைலின் பன்னிரண்டு பைட் தெரிந்தால் போதும், உள் சாவியைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். பன்னிரண்டு பைட் எப்படித் தெரியும்? உலகத்தில் உள்ள எல்லா பிஎன்ஜி படத்துக்கும் முதல் 16 பைட் ஒன்றேதான். சுருக்காமல் 'ஸ்டோர்' முறையில் வைக்கப்பட்ட ஒரு பிஎன்ஜி அந்தப் பொட்டலத்தில் இருந்தால், அதைக் கொண்டு சாவியை எடுத்து, அதே பாஸ்வேர்டில் பூட்டிய மற்ற எல்லாவற்றையும் திறக்கலாம். அதற்கு இலவசக் கருவிகளும் உண்டு. நீங்கள் நாற்பது எழுத்துப் பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் கதை இதுதான்.

ஆகவே பாஸ்வேர்டு பெட்டிக்குக் கீழே இருக்கும் 'என்கிரிப்ஷன் மெத்தட்' இடத்தில் ஏஇஎஸ்-256 என்று மாற்றுங்கள். பக்கவிளைவு ஒன்று. விண்டோஸ் 10-இன் சொந்தத் திறப்பான் ஏஇஎஸ் ஜிப்பைத் திறக்காமல் புரியாத பிழைச் செய்தி காட்டும். வாங்குபவரிடமும் 7-ஜிப் இருக்க வேண்டும். எப்படியும் அவர் நிறுவத்தான் வேண்டுமென்றால் நேராக 7இசட்டுக்கே போய்விடலாம். அதற்கு இரண்டு காரணம்.

முதலாவது பெயர்கள். ஜிப்பில் உள்ளடக்கம் பூட்டப்படும், ஃபைல் பெயர்களும் அளவும் தேதியும் எல்லாருக்கும் தெரியும். 'விவாகரத்து மனு', 'கடன் நோட்டீஸ் இரண்டாம் முறை' என்று பெயர் இருந்தால் பூட்டி என்ன லாபம்? பாதிக் கதை வாசலிலேயே தெரிந்துவிட்டது. 7இசட்டில் 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்ற கட்டத்தில் டிக் செய்தால் பெயர்ப் பட்டியலும் பூட்டுக்குள் போய்விடும். ராரிலும் இந்த வசதி உண்டு.

இரண்டாவது, ஊகிப்பவரை எவ்வளவு களைப்பாக்குகிறது என்பது. பாஸ்வேர்டைச் சாவியாக மாற்றும்போது வேண்டுமென்றே பல சுற்று ஓட வைப்பார்கள், ஒவ்வொரு ஊகத்துக்கும் அந்தச் செலவு ஆகட்டும் என்று. ஏஇஎஸ் ஜிப்பில் 1,000 சுற்று. ரார் 5-இல் வழக்கமாக 32,768. 7இசட்டில் 5,24,288. பழைய ஜிப்கிரிப்டோவில் இப்படி ஒன்றே கிடையாது.

ஆனால் பாஸ்வேர்டே பிறந்த தேதி என்றால் இத்தனை சுற்றும் காப்பாற்றாது. நூறு வருஷத்துப் பிறந்த தேதிகள் மொத்தம் 36,525. விநாடிக்கு ஒன்று என்று சோம்பேறித்தனமாக முயன்றாலும் பத்து மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பத்து இலக்க மொபைல் எண்ணும் வேண்டாம், அதைத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைத் தமிழ் ஒலியில் ஆங்கில எழுத்தில் சேர்த்து வையுங்கள். பாட்டு வரி, பழமொழி வேண்டாம். நேரடியாகத் தமிழ் எழுத்தில் பாஸ்வேர்டு வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் இன்னொரு மென்பொருளில் அதே குறிகள் அதே வரிசையில் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான் வைப்பதில்லை. அப்புறம், ஃபைலை மெயிலில் அனுப்பினால் பாஸ்வேர்டை போனில் சொல்லுங்கள். அதே மெயிலின் அடியில் 'பாஸ்வேர்டு கீழே' என்று எழுதுவது பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடும் வேலை.

7இசட்டுக்கும் ஒரு குறை உண்டு. யாராவது வழியில் ஃபைலை வேண்டுமென்றே திருத்தினால் அதை உறுதியாகக் கண்டுபிடிக்கும் முத்திரை அதில் இல்லை. தற்செயல் சேதத்தைப் பிடிக்கும் சிஆர்சி எண் மட்டும்தான். வழக்குப் பத்திரம், ரகசியச் செய்தி போன்ற அளவுக்குப் போனால் சுருக்கிய ஃபைலை ஜிபிஜி போன்ற தனிக் கருவியில் பூட்டுங்கள். வரிசையை மாற்றிவிட வேண்டாம். முதலில் சுருக்கு, பிறகு பூட்டு. பூட்டிய ஃபைல் தாறுமாறான பைட்டுகளாக இருப்பதால் அதன்பின் சுருக்கினால் ஒன்றும் குறையாது.

படி 6: வந்ததைத் திறப்பது

பாதுகாப்பு என்றால் நாம் பூட்டுவது மட்டுமில்லை, வந்த பொட்டலத்தைப் பிரிக்கும் மென்பொருளும்தான். 42 கேபி உள்ள ஒரு பிரபலமான ஜிப் அடுக்கடுக்காகப் பிரிந்து 4.5 பெட்டாபைட் ஆகும். இதை ஜிப் குண்டு என்பார்கள். நம் கம்ப்யூட்டரில் டிஸ்க் நிறைந்து திணறும், அவ்வளவுதான். இதைவிடப் பயப்பட வேண்டியவை ஓட்டைகள். பழைய ஏஸ் ஃபார்மட்டைப் பிரிக்க வின்ரார் வைத்திருந்த ஒரு துணை ஃபைலில் பத்தொன்பது வருஷமாக இருந்த ஓட்டை 2019-இல் வெளியே வந்தது. பொட்டலத்தைப் பிரித்தால் நீங்கள் சொன்ன ஃபோல்டரில் இல்லாமல் விண்டோஸ் தொடக்க ஃபோல்டரில் போய் ஒரு நிரலை வைத்துவிடும். 2023-இல் இன்னொன்று. உள்ளே இருக்கும் படத்தைத் திறந்தால், அதே பெயருள்ள ஃபோல்டரிலிருந்து வேறு நிரல் ஓடும். பதிப்பு 6.23-இல் அடைத்தார்கள். 2025-இலும் ஒன்று, 7.13-இல் அடைத்தார்கள். 7-ஜிப்பும் யோக்கியமென்று சொல்ல முடியாது. இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்று விண்டோஸ் வைக்கும் எச்சரிக்கை முத்திரை, பிரித்தெடுத்த ஃபைலுக்குப் போகாமல் விடுபட்ட குறை 24.09-இல்தான் சரியானது.

இரண்டு மென்பொருளும் தாமாகவே அப்டேட் ஆகாது. 2016-இல் யாரோ நிறுவிய வின்ரார் இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். 'அபௌட்' பெட்டியைத் திறந்து பதிப்பு எண்ணை இப்போதே பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

எக்ஸ்இசட் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும் இந்தக் கருவியை ஒரே ஒருவர் பல வருஷமாகத் தன் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021-இல் உதவிக்கு வந்தார். பொறுமையாக நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பி, மெல்லப் பொறுப்புகளையும் பெற்றார். 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் சர்வருக்குள் நுழைய ஒரு கள்ளவாசல் இருந்தது. அதை ஒளித்துவைத்த இடம்தான் ரசனைக்குரியது. கெட்டுப்போன ஃபைலைக் கருவி சரியாக மறுக்கிறதா என்று சோதிப்பதற்காக வைத்திருக்கும் சுருக்கிய ஃபைல்களுக்குள்! அதைத் திறந்து பார்க்க யாருக்குத் தோன்றும்? ஆண்ட்ரஸ் ஃப்ரோய்ண்ட் என்ற நிரலாளர் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது சர்வருக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, தோண்டிக்கொண்டே போய், மார்ச் 29-ஆம் தேதி உலகுக்குச் சொன்னார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேரும் முன் தடுத்தாயிற்று. எக்ஸ்இசட் ஃபார்மட்டில் பழுது இல்லை, அந்த இரண்டு பதிப்பில்தான். பழைய எக்ஸ்இசட் ஃபைல்களை மாற்றிக் கட்ட வேண்டியதில்லை.

படி 7: அழிக்கும் முன் சோதிப்பது

சுருக்கி முடித்ததும் மூல ஃபோல்டரை உடனே அழித்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஜிப்பை பென் டிரைவில் ஏற்றி, 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் பிடுங்கி, வீட்டுக்கு வந்து திறந்தால் ஃபைல் சேதம் என்றது. ஜிப்பில் எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியல் கடைசியில்தான் இருக்கும். வால் அறுந்தால் பட்டியலே இல்லை. ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருந்ததால் பழுதுபார்க்கும் கருவி ஒன்று பெரும்பகுதியை மீட்டுக் கொடுத்தது. அதுவே சாலிட் 7இசட்டாக இருந்திருந்தால் அன்றைக்கு அழுதிருப்பேன்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். கட்டியதும் பொட்டலத்தின் மேல் வலது கிளிக், 7-ஜிப், 'டெஸ்ட் ஆர்க்கைவ்'. பிழை இல்லை என்று வந்ததும், போய்ச் சேர வேண்டிய டிஸ்க்குக்குக் காப்பி செய்து, டிரைவை ஒருமுறை கழற்றி மாட்டி, அங்கே இருக்கும் நகலுக்கு மறுபடி டெஸ்ட். பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதை ஒட்டாமல் கையால் தட்டித் திறந்து பாருங்கள். கட்டும்போது கேப்ஸ் லாக் விழுந்திருந்ததா என்று தெரிந்துவிடும். தமிழ்ப் பெயருள்ள ஒரு ஃபைலை வெளியே எடுத்து, பெயர் சரியாக வருகிறதா, உள்ளே எழுத்து தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். இத்தனையும் ஆன பிறகு மூல ஃபோல்டரை அழிக்கலாம். ஸ்டூடியோ தம்பி இப்போது படங்களை 'ஸ்டோர்' முறையில் ஜிப் கட்டி, இரண்டு டிஸ்க்கில் டெஸ்ட் பண்ணிய பிறகுதான் கேமரா கார்டைக் காலி செய்கிறார். போன வாரம் முகூர்த்த நாள், இரண்டு கல்யாணம். ராத்திரி பதினொன்றுக்குள் வேலை முடிந்துவிட்டதாம்.